இரண்டு பேர், எட்டு ட்ராக், ஒரு பெடல்: ஜாக் ஒயிட்டின் இசைப் பயணம் – ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஜாக் ஒயிட் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கால்பந்து மைதானங்களில் கூட்டம் கூட்டமாகப் பாடும் அந்த ஏழு நோட்டு, ‘செவன் நேஷன் ஆர்மி’ பாட்டினுடையது. கிட்டார் வாசிப்பவர்களும் ரெகார்டிங் வேலை தெரிந்தவர்களும் அவரிடம் பார்க்க வேண்டியது வேறு. 1997 முதல் இன்றுவரை ஒவ்வொரு கட்டத்திலும் அவர் தனக்குத் தானே ஏதாவது ஒரு வரம்பைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்திருக்கிறார். அவற்றில் சில இசையையே மாற்றின. சில வெறும் பேட்டிச் செய்தியாக நின்றுவிட்டன. எது எந்த வகை, ஏன் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

எங்கள் கணிப்பு இது: கருவியிலும் டேப்பிலும் கூட வாசிக்கும் ஆளிடமும் இருந்த வரம்புகள் பலன் தந்தன. காகிதத்தில் எழுதிவைத்த வரம்புகள் அந்த அளவுக்குத் தரவில்லை.

குஷன் கடையிலிருந்து

1975 ஜூலை 9 அன்று டெட்ராய்ட்டில் பிறந்தவர். இயற்பெயர் ஜான் அந்தோணி கில்லிஸ். பத்துப் பிள்ளைகளில் கடைசி. முதலில் கற்றது கிட்டார் அல்ல, டிரம்ஸ். பதின்ம வயதில் பிரையன் மல்டூன் என்பவரிடம் சோபா, நாற்காலிகளுக்கு மெத்தை தைக்கும் குஷன் வேலை பழகினார். பிறகு தானே ஒரு கடை போட்டார், பெயர் தேர்ட் மேன். வேன், கருவிகள், உடை எல்லாம் மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று மூன்றே நிறம். துணியை மரச்சட்டத்தில் நிறுத்தக் குறைந்தது மூன்று ஸ்டேப்பிள் போதும் என்று கண்டதிலிருந்துதான் மூன்று என்ற எண் தன்னைப் பிடித்துக்கொண்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். கடை லாபம் தரவில்லை. ஆனால் பின்னால் வந்த இசைக்குழுவின் சட்டதிட்டம் முழுக்க அங்கே தயாராகிவிட்டது.

1996-ல் மெக் ஒயிட்டை மணந்து அவருடைய குடும்பப் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டார். மெக் டிரம்ஸ் கற்றவர் அல்ல, சும்மா உட்கார்ந்து தட்டிப் பார்த்தவர். அதிலிருந்து 1997-ல் ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் என்ற குழு பிறந்தது. குரல், கிட்டார், டிரம்ஸ் என மூன்று ஒலி. சிவப்பு, வெள்ளை, கறுப்பு என மூன்று நிறம். மேடையில் இரண்டே பேர். 2000-ல் மணமுறிவு ஆன பிறகும் குழு தொடர்ந்தது. வெளியில் அண்ணன் தங்கை என்று சொல்லிக்கொண்டார்கள், பலர் அதை நம்பவும் செய்தார்கள்.

பேஸ் இல்லாத குழுவின் கணக்கு

பேஸ் கிட்டார் இல்லாமல் ராக் வாசித்தால் இரண்டு இடத்தில் அடி விழும். முதலாவது, கீழ் ஸ்தாயி காலியாகிவிடும். கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது, பேஸ் கிட்டாரோ 41 ஹெர்ட்ஸ் வரை போகும். இரண்டாவது இன்னும் மோசம். கிட்டார்காரர் தனி வாசிக்கத் தொடங்கிய நொடியில் அடியில் ஓடிக்கொண்டிருந்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் வரி) நின்றுபோகும், டிரம்ஸ் மட்டும் அநாதையாகக் கேட்கும். புதிதாக இரண்டு பேர் குழு தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது இரண்டாவதில்தான்.

ஒயிட் முதல் சிக்கலை ஒலி அளவாலும் பெடலாலும் சமாளித்தார். மேடையில் இரண்டு ஆம்ப் (ஒலிபெருக்கி): ஒன்று ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப், இன்னொன்று சியர்ஸ் கடைகளில் விற்ற சில்வர்டோன் 1485. சில்வர்டோனின் பெட்டியில் பத்து அங்குல ஸ்பீக்கர் ஆறு. காலடியில் ஒலியைக் கரகரப்பாக்கும் பிக் மஃப், 26 டெசிபெல் வரை ஏற்றித்தரும் எம்எக்ஸ்ஆர் மைக்ரோ ஆம்ப், சுருதியை ஏற்றி இறக்கும் டிஜிடெக் வாமி. அவ்வளவுதான்.

இரண்டாவது சிக்கலுக்குப் பெடல் உதவாது, பாட்டைக் கட்டும் முறையைத்தான் மாற்ற வேண்டும். குரல் வரும் இடத்தில் கிட்டார் மௌனம் அல்லது ஒற்றைத் தந்தி. குரல் நிற்கும் இடத்தில் ரிஃப். தனி வாசிப்பு வரும்போது அதை ரிஃப்புக்குள்ளேயே வெட்டி வெட்டிச் செருகுவது. பழைய டெல்டா ப்ளூஸ் பாடகர்கள் தனியாளாக உட்கார்ந்து செய்தது இதே வேலைதான். ஒயிட்டுக்கு சன் ஹவுஸ் மீதிருந்த பக்தி எல்லாரும் அறிந்தது. இங்கே அது பக்தியாக நிற்காமல் தொழில்நுட்பமாகவே பயன்பட்டது.

மெக்கின் வாசிப்பைக் கேலி செய்தவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கிக், ஸ்னேர், சிம்பல் எல்லாம் நேரடியான அடி, நிரப்பு அடிகள் மிகக் குறைவு. ஆனால் மேலே சொன்ன கட்டுமானத்துக்கு அதுதான் தேவைப்பட்டது. டிரம்ஸ்காரர் இடைவெளிகளை நிரப்பிவிட்டால் கிட்டார் உள்ளே வர இடமே இருக்காது. கை தேர்ந்த ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் இந்தக் குழு 2000-ஐத் தாண்டியிருக்காது என்பது எங்கள் கருத்து.

அவர் வாசித்த சிவப்பு ஏர்லைன் கிட்டார் 1964 வாக்கில் சிகாகோவின் வால்கோ ஆலை செய்து, மாண்ட்கோமரி வார்ட் கடைகள் விற்றது. உடல் மரமல்ல, ஃபைபர் கிளாஸ். இரண்டு ஓடுகளை ஒட்டி நடுவே பட்டை வைத்தது, உள்ளே பெரும்பகுதி வெற்றிடம். ஆம்பைக் கூட்டினால் ஊளையிடும், சுருதியும் எளிதில் நழுவும். நல்ல கிட்டார் வாங்கக் காசு வந்த பிறகும் அவர் இதை விடவில்லை. கருவியோடு மல்லுக்கட்டினால்தான் வாசிப்பில் உயிர் இருக்கும் என்பது அவர் வாதம். மேடையில் கீபோர்டை எட்டாத தூரத்தில் வைப்பது, மாற்று பிக்கைக் கைக்கு எட்டாமல் பின்னால் வைப்பது, பாட்டு வரிசையே எழுதாமல் மேடை ஏறுவது எல்லாம் இதே வாதத்தின் கிளைகள். பாட்டு வரிசை இல்லாதது மட்டும் கேட்பவருக்கு நேரடியாகத் தெரியும். ஒரு பாட்டு பாதியில் இன்னொன்றாகத் திரும்பும், மெக் அதை ஒயிட்டின் தோள் அசைவைப் பார்த்தே பிடித்துக்கொள்வார்.

எலிஃபன்ட், 2002–03

முதல் ஆல்பம் 1999-ல் வந்தது. அடுத்த ஆண்டின் டி ஸ்டைல் ஒயிட்டின் வீட்டுக் கூடத்தில் 8 ட்ராக் கருவியில், அதாவது எட்டுத் தனித்தனி ஒலித்தடம் மட்டும் உள்ள டேப் கருவியில் பதிவானது. 2001-ன் ஒயிட் பிளட் செல்ஸ் மெம்ஃபிஸ் நகரில் ஒரு வாரத்துக்கும் குறைவான நேரத்தில் முடிந்தது. அதன் வெற்றிக்குப் பிறகு பெரிய ஸ்டுடியோ, பெரிய தயாரிப்பாளர் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. அவர் போனதோ லண்டனின் டோ ராக் ஸ்டுடியோவுக்கு. லியாம் வாட்சன் நடத்திய அந்த இடத்தில் பழைய கருவிகளும் 8 ட்ராக் டேப்பும்தான். 2002 ஏப்ரலில் சுமார் இரண்டு வாரத்தில் எலிஃபன்ட் ஆல்பத்தின் பெரும்பகுதி முடிந்தது. பதிவு, மிக்ஸிங், மாஸ்டரிங் எதிலும் கணினி பயன்படுத்தவில்லை என்று உறையிலேயே அச்சிட்டார்கள்.

எட்டு ட்ராக் என்றால் நடைமுறையில் என்ன? டிரம்ஸுக்கு நான்கு மைக் வைத்தாலும் அவற்றை அப்போதே கலந்து ஒன்று அல்லது இரண்டு ட்ராக்கில் இறக்கிவிட வேண்டும். ஸ்னேர் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கலாமே என்று மறுநாள் தோன்றினால் செய்வதற்கு ஒன்றுமில்லை, திரும்ப வாசிக்கத்தான் வேண்டும். எட்டும் நிரம்பிவிட்டால் சிலவற்றைக் கலந்து ஒரே ட்ராக்குக்கு மாற்றி இடம் பிடிக்கலாம். ஒவ்வொரு மாற்றத்திலும் டேப் இரைச்சல் கூடும், மேல் ஸ்தாயி மங்கும். 2,500 அடி டேப் சுருள் வினாடிக்கு 15 அங்குல வேகத்தில் 33 நிமிடம்தான் ஓடும். இருபது டேக் எடுத்துவிட்டுப் பிறகு தேர்ந்தெடுக்கலாம் என்ற எண்ணமே வராது. இரண்டு பேர் குழுவுக்கு எட்டு ட்ராக் குறைவே இல்லை, அது வேறு விஷயம். ஐந்து பேர் குழு இதே ஸ்டுடியோவுக்குப் போனால் இரண்டு வாரத்தில் சண்டைதான் மிஞ்சும்.

இந்த ஆல்பத்தின் முதல் பாட்டு செவன் நேஷன் ஆர்மி. 2002 தொடக்கத்தில் மெல்பர்னின் கார்னர் ஹோட்டலில் ஒலிச் சோதனையின்போது வந்த ரிஃப். கேட்பவர்கள் பேஸ் கிட்டார் என்றே நினைக்கிறார்கள். மேடையில் இந்தப் பாட்டுக்கு ஒயிட் எடுப்பது பழைய கே கம்பெனியின் வெற்றுடல் கிட்டார். ட்யூனிங் திறந்த ஏ, அதாவது தடித்த தந்தியிலிருந்து ஈ, ஏ, ஈ, ஏ, சி ஷார்ப், ஈ. ரிஃப் முழுவதும் ஐந்தாம் தந்தியில், ஃப்ரெட் (கிட்டார் கழுத்தின் குறுக்குக் கம்பி) வரிசை 7, 7, 10, 7, 5, 3, 2. வாமி பெடல் ஒரு ஸ்தாயி கீழே.

கணக்கைப் பாருங்கள். ஐந்தாம் தந்தியின் 7-ஆம் ஃப்ரெட் 165 ஹெர்ட்ஸ், பெடல் அதை 82 ஆக்குகிறது. அது கிட்டாரின் தடித்த தந்தியிலேயே இருக்கும் நோட்டுதான். பிறகு ஏன் பேஸ் போலக் கேட்கிறது? கடைசி நோட்டு 62 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது, சாதாரண ட்யூனிங்கில் கிட்டாரில் அது கிடையாது. அதைவிட முக்கியம், பெடல் சுருதியை மட்டும் இறக்குவதில்லை, ஒலியின் நிறம் முழுவதையும் சேர்த்து இறக்குகிறது. கிட்டாரின் கூர்மை போய்க் கனம் வந்துவிடுகிறது. பல்லவியில் பெடலை விட்டுவிட்டு, அதே ஃப்ரெட் இடங்களில் ஸ்லைடு (விரலில் மாட்டித் தந்திமேல் நகர்த்தும் குழாய்) வைத்து எல்லாத் தந்திகளையும் சேர்த்து அடிக்கலாம். திறந்த ட்யூனிங் என்பதால் 7-ஆம் ஃப்ரெட்டில் நேராக வைத்தாலே முழு ஈ மேஜர் விழும். ஒரே கைநகர்வு, இரண்டு ஆள் ஒலி.

இதை வீட்டில் செய்து பார்ப்பவர்கள் இடறும் இடங்கள் தெரிந்தவைதான். பழைய வாமி ஒரு நேரத்தில் ஒரு நோட்டைத்தான் சரியாகப் பிடிக்கும். பக்கத்துத் தந்தி லேசாக ஒலித்தாலும் சுருதி நடுங்கிக் குழறும், ஆகவே மற்றத் தந்திகளை உள்ளங்கையால் அடக்க வேண்டும். பெடல் சுருதியைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும், நோட்டு கீழே போகப்போகத் தாமதம் கூடும். தடித்த தந்தியில் வாசித்தால் தாளத்துக்குப் பின்தங்குவது போலத் தோன்றுவது இதனால்தான். வாமியைக் கரகரப்புப் பெடலுக்கு முன்னால் வையுங்கள், பின்னால் வைத்தால் சிக்கலான அலையைப் பார்த்து அது குழம்பும். இன்னொன்று: 82 ஹெர்ட்ஸைச் சத்தமாக எழுப்ப எட்டு அங்குல ஸ்பீக்கர் பயிற்சி ஆம்பால் முடியாது. பெடலைக் குறை சொல்லிப் பயனில்லை.

மைதானக் கதை சுருக்கமாக: 2003 அக்டோபரில் மிலானுக்கு வந்த பெல்ஜியத்தின் கிளப் ப்ரூக் ரசிகர்கள் பாடத் தொடங்கியது. 2006 உலகக் கோப்பையில் இத்தாலி ரசிகர்கள் எடுத்துக்கொண்ட பிறகு யாராலும் தடுக்க முடியவில்லை.

வரம்பை நகர்த்தியபோது

2003 ஜூலையில் கார் விபத்தில் ஒயிட்டின் இடது ஆள்காட்டி விரல் முறிந்தது, திருகாணி வைத்துச் சரிசெய்தார்கள். அடுத்த ஆண்டு, 72 வயதான கன்ட்ரி இசைப் பாடகி லொரெட்டா லின்னின் ஆல்பத்தைத் தயாரித்து இரண்டு கிராமி வாங்கிக்கொடுத்தார். 2005-ன் கெட் பிஹைண்ட் மி சேட்டன் ஆல்பத்தில் கிட்டாரைப் பின்னுக்குத் தள்ளிப் பியானோவும் மரிம்பாவும் முன்னால் வந்தன. கிட்டார் தலைமை தாங்கும் ப்ளூ ஆர்கிட் பாட்டிலும் பெடல் மாறிவிட்டது. எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸின் பாக் பல நோட்டுகளை ஒரே நேரத்தில் மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயி இரண்டுக்கும் கொண்டுபோகும். வாமி போல ஒற்றை நோட்டுக் கட்டுப்பாடு இல்லை. ஒலி அகன்றது, ஆனால் ரிஃப்பின் எலும்பு தெரிவது குறைந்தது என்றே படுகிறது.

2007-ன் இக்கி தம்ப் நாஷ்வில்லில் பெரிய ஸ்டுடியோவில் மூன்று வாரம். அவர்கள் எடுத்துக்கொண்ட ஆக அதிக நேரம் அதுதான். அதே கோடையில் கனடாவின் எல்லா மாகாணங்களிலும் பிரதேசங்களிலும் வாசித்தார்கள். நடுவே பேருந்திலும் பௌலிங் கூடத்திலும் திடீர் நிகழ்ச்சிகள். நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸில் ஒரே ஒரு நோட்டு அடித்துவிட்டு இறங்கிய நிகழ்ச்சியும் உண்டு. இது பேட்டிச் செய்தி வகை, ரசித்துவிட்டு நகரலாம். செப்டம்பரில் மெக்கின் கடும் பதற்றத்தைக் காரணம் காட்டிச் சுற்றுப்பயணம் நின்றது. 2011 பிப்ரவரி 2 அன்று குழு முடிந்ததாக அறிவித்தார்கள்.

இடையில் 2006 முதல் ரேக்கன்டர்ஸ், 2009 முதல் டெட் வெதர். முதலாவதில் பாட்டெழுதுவதைப் பிரெண்டன் பென்சனோடு பங்கிட்டார். இரண்டாவதில் டிரம்ஸுக்குத் திரும்பினார். நல்ல குழுக்கள்தான், ஆனால் இரண்டிலும் பேஸ் உண்டு, கிட்டார் வாசிக்க வேறு ஆளும் உண்டு. காலியிடம் என்ற சிக்கலே இல்லை, அதனால் பழைய தீர்வுகளுக்கும் வேலை இல்லை.

2012-ன் பிளண்டர்பஸ் ஆல்பம் பிறந்த விதம் கவனிக்கத்தக்கது. ராப் கலைஞர் ரிஸா வருவதாக இருந்த நாளில் அவர் வரவில்லை. கூலி பேசி வரவழைத்த வாத்தியக்காரர்கள் ஸ்டுடியோவில் காத்திருந்தார்கள், ஒயிட் தன் பாட்டுகளை எடுத்து வாசிக்கவைத்தார். சுற்றுப்பயணத்தில் ஆண்கள் மட்டும் ஒரு குழு, பெண்கள் மட்டும் இன்னொரு குழு. இன்றைக்கு யார் மேடையேறுவது என்பது அன்றைய காலையில்தான் தெரியும். செலவு இரட்டிப்பு. வாத்தியக்காரர்களை விழிப்பாக வைத்தது உண்மை. ஆனால் யார் வந்தாலும் வாசிக்கத் தெரிந்தவர்கள் வந்தார்கள், மெக்கோடு இருந்த இழுபறி அதில் கிடைக்கவில்லை.

தட்டு என்ற கருவி

அந்த இழுபறியை அவர் வேறொரு இடத்தில் தேடினார்: இசைத்தட்டில். 2009-ல் நாஷ்வில்லில் அவருடைய இசை நிறுவனமான தேர்ட் மேன் ரெக்கார்ட்ஸின் கட்டடம் திறந்தது. அங்குள்ள அரங்கில் வாசிப்பதை டேப்பில் ஏற்றாமல் நேரடியாக லேக்கர் தட்டில் (அச்சுக்கு மூலமாகும் மென்பூச்சுத் தட்டு) வெட்டுவார்கள். ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்குச் சற்று முன்பின். பதினெட்டாவது நிமிடத்தில் தப்பு செய்தால் அந்தப் பக்கம் முழுக்கக் குப்பை. கிக் டிரம்மோ பேஸோ எதிர்பாராமல் எகிறினால் பள்ளம் அகன்று பக்கத்துப் பள்ளத்தை இடிக்கும், வெட்டுகிறவர் இடைவெளியை முன்கூட்டியே அகலப்படுத்த வேண்டும். எட்டு ட்ராக்கைவிடக் கடுமையான வரம்பு இது. 2014 ஏப்ரல் 19 அன்று ஒரு பாட்டை இப்படிப் பதிவுசெய்து, அச்சு ஆலைக்கு ஓடி, ஏழு அங்குலத் தட்டாக விற்கத் தொடங்கும்வரை ஆன நேரம் 3 மணி 55 நிமிடம் 21 நொடி.

அந்தப் பாட்டின் ஆல்பமான லேசரெட்டோவின் அல்ட்ரா எல்பி பதிப்பு ஒரு பொறியியல் விளையாட்டு. முதல் பக்கம் உள்ளிருந்து வெளியே ஓடும். லேபிள் காகிதத்துக்கு அடியில் இரண்டு மறைவுப் பாட்டு, ஒன்று 78 வேகத்தில், மற்றது 45-ல். ஒரு பாட்டின் தொடக்கத்தில் இரட்டைப் பள்ளம், ஊசி விழும் இடத்தைப் பொறுத்து எலக்ட்ரிக் அல்லது அக்கவுஸ்டிக் முன்னிசை வரும். தட்டின் வெற்றுப் பகுதியில் சுழலும்போது தெரியும் தேவதை உருவம்.

இதில் உள்ளிருந்து வெளியே ஓட்டுவதற்கு மட்டும் ஒலியியல் காரணம் உண்டு. 33⅓ வேகத்தில் தட்டின் வெளிவிளிம்பில் ஊசிக்கு அடியில் வினாடிக்குச் சுமார் அரை மீட்டர் பள்ளம் ஓடுகிறது, உள்வட்டத்தில் 20 சென்டிமீட்டர் சொச்சம்தான். மேல் ஸ்தாயி உள்வட்டத்தில் மங்குவது அதனால். பக்கத்தின் உச்சக்கட்டம் கடைசியில் வருமானால் அதற்கு வெளிவிளிம்பு கிடைப்பது லாபம். நடைமுறைத் தொல்லையும் உண்டு: தானியங்கி பிளேயர் ஊசியை வெளிவிளிம்பில் இறக்கும், அங்கே இருப்பது மூடிய பள்ளம், அதே துணுக்கைச் சுற்றிக்கொண்டே இருக்கும். கையால் ஊசி வைக்கும் பிளேயர் வேண்டும். காகித லேபிள் மேல் ஊசியை அடிக்கடி ஓட்டுவதும் ஊசிக்கு நல்லதல்ல. முதல் வாரத்தில் மட்டும் சுமார் 40,000 வைனல் விற்று, 1991-ல் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து அதுவரை இருந்த சாதனையை உடைத்தது.

2017 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் சொந்த அச்சு ஆலை, ஜெர்மனியில் செய்த எட்டு நியூபில்ட் இயந்திரங்களோடு. 2020-ல் கலிஃபோர்னியாவில் லேக்கர் தட்டு செய்த அப்பல்லோ ஆலை எரிந்தபோது உலகில் மிஞ்சியது ஜப்பானில் ஒரே ஓர் ஆலை. வரிசை மாதக்கணக்கில் நீண்டது. 2022-ல் மூன்று பெரிய இசை நிறுவனங்களும் சொந்த ஆலை கட்ட வேண்டும் என்று ஒயிட் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார்.

கணினி வந்த பிறகு

2018-ன் போர்டிங் ஹவுஸ் ரீச் ஆல்பம் இந்தப் பயணத்தில் தனித்து நிற்கிறது. நாஷ்வில்லில் ஒரு சிறு அடுக்ககத்தை வாடகைக்கு எடுத்து, பதின்ம வயதில் பயன்படுத்திய அதே வகை நான்கு ட்ராக் கருவியில், அக்கம்பக்கத்துக்குக் கேட்காமல் பாட்டு எழுதினார். பிறகு நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் முன்பின் சேர்ந்து வாசிக்காத ஹிப் ஹாப், ஜாஸ் வாத்தியக்காரர்களோடு நீண்ட நேரம் வாசித்து, அந்தப் பதிவுகளைப் ப்ரோ டூல்ஸ் என்ற கணினி மென்பொருளில் வெட்டி ஒட்டினார். கணினியே தொடாதவர் என்று பெயரெடுத்தவர்.

விற்பனையில் முதலிடம். கேட்டவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். எங்களுக்குத் தெரியும் கோளாறு கணினி அல்ல. எழுதும்போது வரம்பு, வாசிக்கும்போது வரம்பின்மை, வெட்டும்போது முடிவே இல்லாத தேர்வு – மூன்றும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. டோ ராக்கில் வாசிப்பும் முடிவெடுப்பும் ஒரே நிமிடத்தில் நடந்தன. இங்கே நடுவில் மாதங்கள். நல்ல துண்டுகள் ஏராளம், பாட்டாக நிமிர்ந்து நிற்பவை குறைவு. கோர்ப்பொரேஷன் என்ற பாட்டின் தாளத்தை மட்டும் எடுத்துக் கேளுங்கள், என்ன கிடைத்திருக்கலாம் என்பது புரியும்.

2022-ல் ஏப்ரலில் ஒன்று, ஜூலையில் ஒன்று என இரண்டு ஆல்பம். முதலாவது இரைச்சல், இரண்டாவது அக்கவுஸ்டிக். பிரித்ததில் இரண்டுமே கொஞ்சம் மெலிந்தன.

2024 ஜூலை 19 அன்று டெட்ராய்ட், நாஷ்வில், லண்டன் தேர்ட் மேன் கடைகளில் பொருள் வாங்கியவர்களின் பையில் பெயர் எழுதாத ஒரு வெள்ளை உறைத் தட்டைச் சத்தமில்லாமல் போட்டுக்கொடுத்தார்கள். வீட்டில் போட்டுப் பார்த்தால் ஒயிட்டின் புது ஆல்பம். நகலெடுத்துப் பகிருங்கள் என்று நிறுவனமே சொன்னது. ஆகஸ்ட் 2 அன்று நோ நேம் என்ற பெயரில் முறைப்படி வந்தது. நிகழ்ச்சிகளும் சில நாள் முன்னறிவிப்பில், சின்ன அரங்குகளில்.

ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் ஒலி திரும்பிவிட்டது என்று பலர் எழுதினார்கள். ரிஃப்பும் ஸ்லைடும் பழையவைதான். ஆனால் டொமினிக் டேவிஸின் பேஸ் கீழே நிறைந்து ஓடுகிறது, சில பாட்டுகளில் பேஸ் வாசிப்பது ஒயிட்டின் மகள். பேட்ரிக் கீலரின் டிரம்ஸ் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நிரப்பு அடி வைத்திருக்கிறது. எலிஃபன்ட்டில் கிட்டார் ஏறி உட்கார்ந்த அந்தக் காலியிடம் இதில் இல்லை. அதனால் குரல் பழையபடி நிறுத்தி நிறுத்திப் பேசாமல் ஓட்டமாக, கிட்டத்தட்ட சொற்பொழிவு வேகத்தில் போகிறது. பத்து ஆண்டில் அவர் வெளியிட்டதில் இறுக்கமான ஆல்பம் இதுதான்.